கனிம மாதிரியும் இடச்சான்றும்: தக்காணப் பசால்ட்டுக் குழிகளிலிருந்து விற்பனைக்கு வரும் படிகங்கள்

ஆய்வுச் சுருக்கம்

மகாராட்டிர மாநிலத்தின் பசால்ட்டுக் குவாரிகளிலும் கிணறுகளிலும் கிடைக்கும் ஜியோலைட்டு, அபோஃபிலைட்டு, கேவன்சைட்டு முதலிய படிகங்கள் உலகச் சந்தையில் அழகுப் பொருள்களாகவும் ஆய்வு மாதிரிகளாகவும் விற்கப்படுகின்றன. இப்படிகங்கள் உருவாகும் முறை, குவாரியிலிருந்து கடைக்கு வரும் வழி, வணிகத்தில் அவற்றின் மேல் நிகழும் மாற்றங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. படிகம் சிதையாமல் வாங்குவோரை அடைந்தாலும், அது கிடைத்த இடம் பற்றிய செய்தி வழியிலேயே இழக்கப்படுகிறது என்பதும், அவ்விழப்பே இவ்வணிகத்தின் பெருங்குறை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: படிகம், பளிங்கு, ஜியோடு, தக்காணப் பசால்ட்டு, ஜியோலைட்டு, கிடைத்த இடம், சூதுபவளம்

முன்னுரை

வீட்டு வரவேற்பறையில் நிற்கும் செவ்வந்திக்கல் குகை, அலுவலக மேசையில் காகிதம் பறக்காமல் அழுத்தும் படிகக் கொத்து, அருங்காட்சியகப் பேழையில் விளக்கொளி பெறும் பசும்படிகம் ஆகிய மூன்றையும் வணிகர் 'இயற்கைப் படிகம்' என்ற ஒரே பெயரால் குறிக்கின்றனர். மூன்றும் நிலத்திலிருந்து எடுக்கப்பட்டவையே. எனினும் முதல் இரண்டிற்கும் நிறமும் வடிவும் ஒளியுமே விலையைத் தருகின்றன. மூன்றாவதில் அவற்றோடு ஒரு செய்தியும் சேர்ந்துள்ளது. இன்ன ஊரில், இன்ன குவாரியில், இன்ன பாறையடுக்கில் அது கிடைத்தது என்பதே அச்செய்தி. அச்செய்தி உடனிருக்கும்வரை அக்கல் கனிம மாதிரி. அது நீங்கிய பின் அதே கல் அழகுப் பொருள் மட்டுமே. கல்லின் வேதியியலில் அணுவளவும் மாற்றமின்றியே இது நிகழ்கிறது.

கல்வெட்டையும் நாணயத்தையும் சுவடியையும் கையாளும் தமிழாய்வாளர்க்கு இந்நிலை புதியதன்று. அகழாய்வுக் குழியில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்று அறியப்படாத மட்பாண்டச் சில்லு எவ்வளவு பேசும் என்பதை அவர்கள் அறிவர். கனிமப் படிகத்திற்கும் அதே அளவுகோல் பொருந்தும் என்பது மட்டும் பரவலாக உணரப்படவில்லை.

சொல்லும் பொருளும்

இத்துறை பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது சொற்சிக்கல். பழந்தமிழ்ப் 'பளிங்கு' ஒளி ஊடுருவும் படிகக்கல்லைக் குறித்தது. திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரத்தில் உவமையாக வரும் பளிங்கு, அருகிலுள்ள பொருளின் நிறத்தைத் தன்னகத்தே காட்டுவது. மணிமேகலையின் பளிக்கறை, உள்ளிருப்போரின் உருவை வெளிக்காட்டி ஓசையை வெளிவிடாதது. இன்றைய வழக்கிலோ பளிங்குத் தரை, பளிங்குச் சிலை என்று சொன்னால் அது மார்பிளையே குறிக்கும். மார்பிள் சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. ஊடுருவிப் பார்க்க இயலாதது. ஆகவே பழைய உரைகளில் பளிங்கு என்று காணும் இடத்தில் இன்றைய மாணவர் வெண்ணிறத் தரைக்கல்லை எண்ணிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. 'படிகம்' என்னும் சொல்லே இப்போது பாதுகாப்பானது. ஆனால் அதுவும் கடைவீதியில் ஸ்படிக மாலையோடு மட்டும் இணைத்துப் புரிந்துகொள்ளப்படுகிறது.

ஜியோடு என்பதற்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. புறத்தே கரடுமுரடான உருண்டைக் கல்லாகவும் அகத்தே வெற்றிடமாகவும், அவ்வெற்றிடத்தின் சுவர் முழுவதும் உள்நோக்கி வளர்ந்த படிகங்களாகவும் அமைவது ஜியோடு. சூழ்ந்த பாறையிலிருந்து தனியே பிரிந்து வருதல் அதன் அடையாளம். பாறையோடு ஒட்டியே இருக்கும் படிகக் குழியை அப்பெயரால் அழைப்பது வணிக வழக்கே தவிர நிலவியல் வழக்கன்று. பசால்ட்டைக் 'கருங்கல்' என்று பெயர்ப்பதும் தமிழ்நாட்டு வாசகரைத் தவறாகக் கொண்டுசெல்லும். இங்குக் கருங்கல் எனப்படுவது கிரானைட்டும் சார்னோக்கைட்டும் போன்ற பாறைகளாகும். எனவே ஜியோடு, பசால்ட்டு ஆகியவை இக்கட்டுரையில் ஒலிபெயர்ப்பாகவே ஆளப்படுகின்றன.

குழியினுள் நிகழும் வளர்ச்சி

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மேற்குப் பகுதியில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அலையலையாகப் பரவியது. அரிமானத்திற்குப் பின் எஞ்சிய பசால்ட்டு அடுக்குகளே இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் விரிந்துள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் அவற்றின் மொத்தத் தடிப்பு 2,000 மீட்டரையும் கடக்கிறது.

குழம்பு மேலெழும்போது அழுத்தம் குறைந்தது. அதில் கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல, குமிழிகளாகப் பிரிந்தன. குமிழிகள் மேல்நோக்கி ஏறி, உறைந்துகொண்டிருந்த மேலோட்டின் கீழே சிக்கின. அதனால்தான் ஒவ்வொரு குழம்படுக்கிலும் மேற்பகுதியே குழிகள் மலிந்ததாகவும் நடுப்பகுதி இறுக்கமானதாகவும் காணப்படுகிறது. பெரும்பாலான குழிகள் பட்டாணி அளவினவே. குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்த இடங்களில் ஆள் நுழையும் அளவுக்கும் குழிகள் உண்டு.

குழி உருவானதும் படிகம் உருவாவதில்லை. நிலத்தடி நீர் பாறையின் விரிசல்களில் ஊறி, பசால்ட்டின் கண்ணாடிப் பகுதியைச் சிறிது சிறிதாகக் கரைத்து, கால்சியம், சோடியம், அலுமினியம், சிலிக்கா ஆகியவற்றைச் சுமந்து குழிக்குள் வந்து சேரவேண்டும். வெப்பநிலை பெரும்பாலும் 250 பாகை செல்சியசுக்குக் குறைவாகவே இருந்தது. பொதுவாகக் குழியின் சுவரில் பசிய களிமண் கனிமம் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதன் மேல் சால்செடனி அல்லது ஹியூலாண்டைட்டு, பின்னர் ஸ்டில்பைட்டு, இறுதிக் கட்டத்தில் அபோஃபிலைட்டும் கால்சைட்டும் என அடுக்கு வளர்கிறது. இவ்வரிசை இடத்திற்கு இடம் மாறும். கதிரியக்கக் கால அளவீடுகளின்படி, குழம்பு உறைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் சென்ற பின்னரும் சில குழிகளில் அபோஃபிலைட்டு வளர்ந்துள்ளது. ஒரே மாதிரியில் தெரியும் இரண்டு படிகங்களுக்கு இடையே, மலைத்தொடர் ஒன்று அரிக்கப்படும் அளவு காலம் அடங்கியிருக்கலாம்.

ஜியோலைட்டு என்னும் பெயரை 1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்சல் கிரோன்ஸ்டெட் இட்டார். சூடேற்றியபோது கல் கொதிப்பது போல் நுரைத்ததால் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை அவர் இணைத்தார். அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிசனும் பின்னிய சட்டகத்தின் நுண்வழிகளில் நீர் அடைபட்டுள்ளதே நுரைப்பிற்குக் காரணம். அபோஃபிலைட்டும் நீரை உடையது. சூடேறினால் ஏடேடாக உரியும். ஜியோலைட்டுகளோடு எப்போதும் சேர்த்தே விற்கப்பட்டாலும் அமைப்பால் அது ஜியோலைட்டு அன்று. பூனா வட்டாரத்து அபோஃபிலைட்டின் இளம்பச்சைக்கு வனேடியமே காரணம் என்பது 1974-இல் வெளியான நிறமாலை ஆய்வொன்றில் காட்டப்பட்டது. அதே தனிமம்தான் கேவன்சைட்டின் ஆழ்ந்த நீலத்தையும் தருகிறது. கால்சியம், வனேடியம், சிலிகேட்டு என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த பெயர் அது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மாதிரிகளைக் கொண்டு 1973-இல் விவரிக்கப்பட்ட இவ்வரிய கனிமத்தின் மிகச் சிறந்த படிகங்கள் பின்னர்ப் புணே நகரை அடுத்த வாகோலிக் குவாரிகளிலிருந்தே கிடைத்தன.

குவாரியிலிருந்து கடைக்கு

தக்காணத்தில் படிகத்திற்கென்றே வெட்டப்படும் சுரங்கம் அரிது. கிரஷர்களுக்குக் கல் தரும் குவாரிகளே முதன்மை ஊற்றுக்கண். சாலைக்கும் காங்கிரீட்டுக்கும் சல்லி எடுப்பவர்க்கு இறுக்கமான நடுப்பகுதிப் பாறை வேண்டும். குழி மலிந்த மேற்பகுதி அவர்களுக்குப் பயனற்ற கல். சேகரிப்பாளர் தேடுவதோ அப்பயனற்ற கல்லையே. ஒருவருக்குக் கழிவாவது மற்றவருக்குப் பொருளாவதால்தான் இவ்வணிகம் நிலைபெற்றது. ஆயினும் வெடி வைக்கும்போது அருகிலுள்ள குழிகளின் படிகங்கள் பெரும்பாலும் நொறுங்கிவிடுகின்றன. எஞ்சிய குழியைக் கண்டதும் உளியாலும் கம்பியாலும் பொறுமையாக நெம்பி, படிகத்தை அடிப்பாறையோடு பெயர்த்தெடுக்கும் கைத்திறன் குவாரித் தொழிலாளரிடமே உள்ளது. கனிமவியல் நூல்களின் படங்களுக்குப் பின்னால் நிற்கும் இக்கைகளுக்குப் பெயரில்லை.

இவ்வரலாறு இருப்புப்பாதைக் காலம் முதல் தொடர்கிறது. பம்பாயையும் பூனாவையும் இணைக்க 1863-இல் திறக்கப்பட்ட போர்க்காட்டு ஏற்றப் பாதைக்காக மலை குடையப்பட்டபோது வெளிவந்த ஜியோலைட்டுகளும் அபோஃபிலைட்டுகளும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. மும்பையின் மலாட், காந்திவலிப் பகுதிகளின் குவாரிகள் நகர விரிவில் அடங்கிவிட்டன. இன்று நாசிக், ஜள்காவ், புணே, அகில்யாநகர் எனப் பெயர் மாறிய அகமதுநகர் ஆகிய மாவட்டங்களே பெருமளவு மாதிரிகளைத் தருகின்றன. நாசிக்கை அடுத்த சின்னரில் உள்ள கர்கோட்டி அருங்காட்சியகம் இக்கனிமங்களை அவை கிடைத்த வட்டாரத்திலேயே காட்சிப்படுத்துவது குறிப்பிடத்தக்கது. ஏனெனில் சிறந்த மாதிரிகள் பலவும் அமெரிக்காவின் டூசான் நகரில் 1955 முதல் நடந்துவரும் கனிமக் கண்காட்சி போன்ற சந்தைகளின் வழியாக வெளிநாட்டுச் சேகரிப்புகளுக்கே செல்கின்றன.

விலையை அறுதியிடும் கூறுகளில் படிக முனை உடையாதிருத்தலே தலையாயது. ஓகெனைட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பஞ்சுருண்டை போல் தோன்றும் அதன் வெண்ணிற இழைகள் விரல் பட்டாலே அமுங்கிவிடும்; அமுங்கியவை மீண்டும் எழா.

விற்பனைச் சீட்டில் இடப்பெயர்

கைமாறும் ஒவ்வொரு நிலையிலும் படிகத்தின் விலை ஏறுகிறது, இடச்செய்தி சுருங்குகிறது. குவாரியில் வேலை செய்பவர் அது எந்த முகப்பில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பதை அறிவார். அவரிடம் வாங்கும் இடைத்தரகர்க்குக் குவாரி தெரியும். நகரத்து வணிகர்க்கு மாவட்டம் தெரியும். ஏற்றுமதிச் சீட்டில் 'பூனா, இந்தியா' என்றோ 'ஜள்காவ், இந்தியா' என்றோ மட்டும் நிற்கும். வணிகக் கூடம் அமைந்த ஊரின் பெயரே பல வேளைகளில் கனிமம் கிடைத்த ஊராகிவிடுகிறது.

இது கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. நல்ல குழியைக் கண்டவர் போட்டியாளரிடமிருந்து அதன் இருப்பிடத்தை மறைப்பது வணிக இயல்பு. சில பெயர்களுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டாகும்போது பிற ஊர்ப் படிகங்களும் அப்பெயரைப் பூணுகின்றன. பச்சை அபோஃபிலைட்டு எங்கிருந்து வந்தாலும் 'பூனா' என்றால் வாங்குபவர் நம்புவார். மினரலாஜிக்கல் ரெக்கார்ட் இதழில் 2003-ஆம் ஆண்டு பெர்த்தோல்ட் ஓட்டன்ஸ் வெளியிட்ட தக்காணக் கனிமங்கள் பற்றிய விரிவான கட்டுரையின் அருமை இங்கேதான் விளங்கும். சந்தைப் பெயர்களை ஊர், குவாரி, கிணறு என்று நிலப்படத்தில் பொருத்திக் காட்டும் உழைப்பு அது.

இடம் இழக்கப்பட்டால் இழப்பு எத்தகையது? வனேடியம் ஏன் சில குழிகளில் மட்டும் குவிந்தது என்ற வினாவிற்கு விடை காண, நீலப் படிகமும் பச்சைப் படிகமும் எந்த அடுக்கில், எவற்றின் அண்மையில் கிடைத்தன என்பது தெரியவேண்டும். குவாரி இன்னும் இருந்தால் திரும்பச் சென்று பார்க்கலாம். பல குவாரிகள் நீர் நிரம்பிக் குளமாகிவிட்டன. சிலவற்றின் மேல் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. கிணற்றில் கிடைத்தவை பற்றிக் கூறவே வேண்டியதில்லை. உழவர் ஒருவர் கிணறு வெட்டும்போது தட்டுப்பட்ட குழி, கிணற்றுச் சுவர் கட்டப்பட்டதும் என்றைக்குமாக மூடப்படுகிறது. அதற்குப் பின் எஞ்சுவது சீட்டு மட்டுமே.

இடச்சான்றின் ஆற்றலைத் தமிழ்நாட்டுத் தொல்லியலே தெளிவாகக் காட்டியுள்ளது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மணிகளும், மணியாக்கத்தின் வெவ்வேறு நிலையில் விடுபட்ட கற்களும் முறையான இடக்குறிப்புடன் பதிவாயின. அவற்றுள் பெரிலுக்குப் படியூர் போன்ற அண்மை ஊர்கள் ஊற்றாகக் கருதப்படுகின்றன. சூதுபவளத்திற்கோ அவ்வட்டாரத்தில் மூலக்கல் இல்லை. அது குசராத், மகாராட்டிரப் பகுதிகளிலிருந்து வந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. சூதுபவளம் சால்செடனியின் செந்நிற வகை. அப்பகுதிகளில் கிடைப்பதன் பிறப்பிடம் தக்காணப் பசால்ட்டின் குழிகளே. ஆக, இன்று கடையில் அழகுப் பொருளாக நிற்பதன் உறவுக்கல் ஒன்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொங்கு நாட்டுக்கு வந்து மணியாகியுள்ளது. இம்முடிவை எட்ட உதவியது கல்லின் நிறமோ ஒளியோ அன்று. அது கிடைத்த குழியின் பதிவேடு.

சட்டமும் இவ்விரு பொருள்களை ஒன்றுபோல் நோக்கவில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நாணயம், சிற்பம், ஓலைச்சுவடி என மாந்தர் ஆக்கியவற்றை மையமாகக் கொண்டது. குவாரிக்குப் பொருந்தும் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுமானக் கல்லைச் சிறுகனிமம் என வகுத்து, அதன் ஒழுங்குமுறையை மாநிலங்களிடம் விடுகிறது. அங்கே கல் என்பது எடையாலும் கன அளவாலும் கணக்கிடப்படும் பொருள். தனிச் சிறப்புடைய படிகம் என்னும் கருத்துக்கு இரண்டிலும் இடமில்லை.

கை சேர்க்கும் அழகு

இயற்கை எனப்படுவதில் எவ்வளவு இயற்கை என்ற வினாவும் உண்டு. இந்திய நகரக் கடைகளில் நிற்கும் உயரமான செவ்வந்திக்கல் குகைகள் பெரும்பாலும் தக்காணத்தவை அல்ல. அதைப் போன்றே எரிமலைக் குழம்பு பரவிய பிரேசில், உருகுவே நாடுகளிலிருந்து வருபவை. அவற்றின் புறப்பகுதிக்குச் சிமெண்டு பூசி வண்ணம் தீட்டுவது வழக்கம். செவ்வந்திக்கல்லை 400 பாகைக்கு மேல் சூடேற்றினால் ஊதா நிறம் மாறி மஞ்சளோ செம்மஞ்சளோ ஆகும். அது சிட்ரின் என்ற பெயரில் விற்கப்படுகிறது. இயற்கைச் சிட்ரின் அரிது. நிறம் முனையில் மட்டும் அடர்ந்து அடியில் வெளுத்திருந்தால் சூடேற்றியது என்று ஐயுறலாம்.

சூடேற்றுதல் அனைத்தையும் மோசடி எனத் தள்ளுவது பொருந்தாது. காம்பே எனப்பட்ட கம்பாத்து வட்டாரத்தில் சூதுபவளத்தின் சிவப்பைக் கூட்டக் கல்லைச் சூளையிடும் மரபு மிகப் பழையது. அது தொழில் நுட்பம். அதை மறைத்து விற்பதே குற்றம். ஓகெனைட்டின் வெண்பஞ்சுக்கு இளஞ்சிவப்பும் நீலமும் ஊட்டுவது, உதிர்ந்த கேவன்சைட்டைப் பிசினால் ஸ்டில்பைட்டின் மேல் ஒட்டுவது போன்றவை வேறு வகையின. ஒட்டுவேலை நிறமேற்றலினும் கேடானது. நிறமேற்றிய கல் தன் நிறத்தைப் பற்றி மட்டுமே பொய் சொல்கிறது. ஒட்டிய கல்லோ, இரண்டு கனிமங்கள் ஒரே குழியில் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன என்னும் பொய் வரலாற்றை உண்டாக்கிவிடுகிறது. பிசின்கள் பலவும் புறஊதா விளக்கின்கீழ் வெளிறி ஒளிர்வதால் இருட்டறையில் ஒரு நிமிடம் பார்ப்பது பயன் தரும்.

கல்லூரிக் காட்சிப் பேழைகள்

நிலவியல் துறையும் தொல்லியல் துறையும் உள்ள கல்வி நிறுவனங்கள் கற்பித்தலுக்கென மாதிரிகளை வாங்குகின்றன. பெட்டியில் 'ஸ்டில்பைட்டு' என்ற பெயர் மட்டும் இருந்தால் மாணவர் நிறத்தையும் பிளவையும் கடினத்தையும் அறியலாம். அதற்குமேல் அம்மாதிரி ஒன்றும் கற்பிக்காது. வாங்கும்போதே குவாரி, சிற்றூர், வட்டம், மாவட்டம், எடுத்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். விற்பவர்க்கு மாவட்டம் மட்டுமே தெரியுமாயின் மாவட்டம் மட்டுமே எழுதப்படவேண்டும். ஊகத்தால் நிரப்பப்பட்ட சீட்டு வெற்றுச் சீட்டைவிடத் தீங்கானது; அடுத்த தலைமுறை அதைச் சான்றெனக் கொள்ளும். பழைய சீட்டில் எழுத்துப் பிழை இருந்தாலும், ஊர்ப் பெயர் மாறியிருந்தாலும், அதை நீக்காமல் புதிய சீட்டை அதனோடு சேர்த்து வைப்பதே முறை. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடுகளைக் காக்கும் நெறியே இங்கும் செல்லும்.

அடிப்பாறையை வெட்டி நீக்கிப் படிகத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் பேழைக்கு இடம் மிச்சப்படுத்தும்; ஆனால் பசிய களிமண் பூச்சு முதல் கடைசிக் கால்சைட்டு வரையான வளர்ச்சி வரிசை அப்பாறையை ஒட்டித்தான் உள்ளது. ஸ்கோலசைட்டின் ஊசிகளும் ஓகெனைட்டின் இழைகளும் தூசு துடைக்கும் துணிக்குத் தாங்கா. லாமன்டைட்டு உலர்ந்த காற்றில் நீரை இழந்து பொடியாகும். செவ்வந்திக்கல் வெயில் படும் சன்னலோரத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் வெளிறும்.

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் நிலவியல் மாதிரிகளைக் கொண்டே தொடங்கப்பட்டது என்பது பலர் நினைவில் இல்லை. சீட்டு தனியே, கல் தனியே ஆகிவிடும் இடர் எல்லாப் பழைய சேகரிப்புகளுக்கும் உண்டு. அதனைத் தவிர்க்கக் கனிமவியலாளர் கையாண்டுவரும் முறை எளியது. படிகம் இல்லாத அடிப்பக்கத்தில் சிறிதளவு வெள்ளை வண்ணம் தடவி, அது காய்ந்ததும் கருமையால் பதிவெண்ணை எழுதி, அதே எண்ணைச் சீட்டிலும் பதிவேட்டிலும் இடுவர். சீட்டு கரையானுக்கு இரையானாலும் கல்லின் மேலுள்ள எண் பதிவேட்டின் உரிய வரிக்கு அழைத்துச் செல்லும்.